காதிரைச்சலுக்கு மருந்து தேடியவர்கள்

இரவு பத்து மணிக்கு மேல் தெருவில் நடமாட்டம் குறைந்து, பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி ஓய்ந்து, நாய்களும் அடங்கியபின் ஊரார் அமைதி என்று சொல்லும் ஒன்று வந்து சேருகிறது. நம்மில் சிலருக்கு அந்த அமைதி வருவதில்லை. அந்நேரத்தில்தான் காதுக்குள் சீழ்க்கை தொடங்குகிறது. தொடங்குகிறது என்று சொல்வதும் பிழை; பகலெல்லாம் சந்தடிக்குள் மறைந்து கிடந்தது, மறைவிடம் போனபின் வெளிப்பட்டு நிற்கிறது. சிலருக்குச் சில்வண்டின் ரீங்காரம், சிலருக்கு நீராவி சீறும் ஓசை, சிலருக்குச் சங்கைக் காதில் வைத்தாற்போல் ஓர் இரைச்சல். வெளியே எவ்வித ஒலியும் இல்லாதிருக்க உள்ளே கேட்கும் இதனை மருத்துவர் டினிட்டஸ் என்பர். நம் வழக்கில் காதிரைச்சல்.

2022-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு, உலகில் வயது வந்தோருள் நூற்றுக்கு 14 பேர் அளவில் இதனை அறிந்தவர்கள் என்றும், ஏறத்தாழ 2 பேருக்கு இது கடுந்துன்பமாக இருக்கிறது என்றும் மதிப்பிடுகிறது. இக்கட்டுரையை எழுதும் நாமும் அக்கூட்டத்தைச் சேர்ந்தவர்தாம். வலச்செவியில் இது குடியேறிப் பதினோர் ஆண்டுகள் ஆகின்றன. முதல் இரண்டு ஆண்டுகளில் நாம் ஏறாத மருத்துவர் வீட்டுப் படியில்லை; விழுங்காத மாத்திரையில்லை. ஒரு மருத்துவமனையில் ஆறு மாதத்திற்கென எழுதிக் கொடுத்த மாத்திரைகளை ஒருவேளையும் தவறாமல் உட்கொண்டோம். ஆறாம் மாத இறுதியில், 'இதற்கு மருந்து ஒன்றுமில்லை, பழகிக்கொள்ளுங்கள்' என்று அதே அறையில் அதே மருத்துவர் கூறியபோது நாம் அடைந்த சினம் இன்னும் முழுமையாகத் தணியவில்லை. மருந்தில்லை என்பதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே!

அந்தச் சினமே நம்மைப் பழைய ஏடுகளின் பக்கம் திருப்பியது. நமக்கு முன் இவ்விரைச்சலைச் சுமந்தவர்கள் என்ன செய்தார்கள்? எதையெல்லாம் உட்கொண்டார்கள்? யாரை நம்பினார்கள்? இவ்வினாக்களோடு தேடப் புகுந்தபோது முதலில் எதிர்ப்பட்டவர் இசையுலகின் பேரரசர் என்று போற்றப்படும் பீத்தோவன்.

1801-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் நாள் வியன்னா நகரிலிருந்து அவர் தம் இளமைத் தோழர் வேகெலருக்கு ஒரு நீண்ட மடல் எழுதினார். வேகெலர் பான் நகரில் மருத்துவராக இருந்தவர். ஆகவே அம்மடல் நண்பனுக்கு எழுதியதாகவும் வைத்தியனுக்கு எழுதியதாகவும் ஒருங்கே அமைந்துவிட்டது. பீத்தோவனுக்கு அப்போது முப்பது வயது. புகழும் பணமும் வந்துகொண்டிருந்த காலம். தம் செவிகள் இரவும் பகலும் இடைவிடாது இரைந்துகொண்டிருப்பதாக அவர் அதில் தெரிவிக்கிறார். நாடக அரங்கில் இசைக்குழுவை ஒட்டி அமர்ந்தாலன்றி நடிகரின் பேச்சு விளங்குவதில்லை. எட்ட இருந்தால் கருவிகளின் உச்ச ஒலிகள் கேட்பதில்லை. தாம் செவிடாகி வருவதைப் பிறரிடம் சொல்ல முடியாமையால் ஏறத்தாழ இரண்டாண்டுகளாக விருந்துகளையும் கூட்டங்களையும் தவிர்த்து வந்தாராம். இச்செய்தியை எவருக்கும் சொல்லவேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறார்.

இனி வருவது மருந்துப் பட்டியல். வியன்னாவின் பெரிய மருத்துவர் பிராங்க் உடலுக்கு வலுவூட்டும் மருந்துகளைக் கொடுத்தார். காதுக்கு வாதுமை எண்ணெய். பயனில்லை. மற்றொருவர் குளிர்ந்த நீராடல் சொன்னார். அவரைப் பீத்தோவன் கழுதை என்றே குறிப்பிடுகிறார். வேறொருவர் தன்யூப் ஆற்று நீரை வெதுவெதுப்பாக்கி அதில் அமரச் சொன்னார். வயிற்றுக் கோளாறு குறைந்தது. செவி அப்படியே இருந்தது. பின்னர் பேரிங் என்ற படைமருத்துவரிடம் சென்றார். மாத்திரையும் காதுக்கென ஒரு மூலிகைத் தேநீரும் கிடைத்தன. அதே நவம்பர் 16-ஆம் நாள் எழுதிய அடுத்த மடலில், அந்த மருத்துவர் பல மாதங்களாகத் தம் இரு கைகளிலும் ஒரு செடியின் பட்டையை வைத்துக் கட்டிவருவதாகத் தெரிவிக்கிறார். அது தோலைக் கொப்புளிக்கச் செய்யும் நச்சுப்பட்டை. கெட்ட நீர் கொப்புளத்தின் வழியே வெளியேறினால் காது தெளியும் என்பது அக்கால மருத்துவத்தின் நம்பிக்கை. ஒவ்வொரு முறையும் சில நாள்கள் கைகளை அசைக்க இயலாது. பியானோ வாசிப்பதே பிழைப்பாக இருந்த ஒருவர் தம் கைகளைக் காதின் பொருட்டு இப்படிப் பணயம் வைத்தார்!

இவ்வளவிற்கும் பிறகு அம்மடலில் ஒரு செய்தி இருக்கிறது. இரைச்சல் முன்னைவிடச் சற்றுக் குறைந்திருக்கிறது, குறிப்பாக இடச்செவியில். ஆனால் கேள்திறன் சிறிதும் கூடவில்லை என்கிறார். நாம் அந்த வரியில் நெடுநேரம் நின்றோம். அது பட்டையினால் வந்த குறைவா? இந்நோய்க்கே உரிய ஏற்ற இறக்கத்தில் தானாக நேர்ந்ததா? பட்ட வேதனைக்குப் பலன் இருந்தாக வேண்டும் என்று மனம் தானே கற்பித்துக்கொண்டதா? பீத்தோவனுக்கு இதை அறிய வழியில்லை, பேரிங்குக்கும் இல்லை. பட்டை கட்டிய நூறு பேரையும், வெறுந்துணி கட்டிய நூறு பேரையும் அருகருகே வைத்து ஒப்பிடும் முறை அன்று மருத்துவத்தில் வழக்கமாகியிருக்கவில்லை.

அம்மடலிலேயே அடுத்த ஆசையும் எட்டிப் பார்க்கிறது. அப்போது புதிதாகப் பேசப்பட்ட கால்வானியம் என்னும் மின் சிகிச்சை பற்றி நண்பரின் கருத்தைக் கேட்கிறார். பெர்லினில் செவிடாயிருந்த ஒரு குழந்தைக்கும், ஏழாண்டுகள் செவிடாயிருந்த ஒரு மனிதருக்கும் அதனால் கேள்திறன் திரும்பியதாக ஒரு மருத்துவர் சொன்னாராம். எங்கோ ஓர் ஊரில் யாரோ ஒருவருக்குக் குணமாயிற்று என்ற சொல், அன்றுமுதல் இன்றுவரை நோயாளியின் காதில் மட்டும் எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது!

நம் வாசகர்க்குச் சுவை தரக்கூடிய ஒரு செய்தி உண்டு. வியன்னாவின் புனித ஸ்தேவான் பேராலயத்தைச் சேர்ந்த வைஸ் என்னும் குருவானவர் செவிடர்களுக்கு வைத்தியம் செய்வதில் பெயர் பெற்றவராக இருந்தார். நண்பர் ஒருவரின் வற்புறுத்தலால் பீத்தோவன் அவரிடமும் சென்றார். குருவானவர் காதில் ஒரு திரவத்தை ஊற்றி அமைதியாக இருக்கச் சொன்னார். சிறிது காலம் சென்றுவந்தவர், பொறுமை இழந்து நின்றுவிட்டார். பின்னாளில் பெரும் இசையாசிரியராக விளங்கிய செர்னி சிறுவனாக அவரைப் பார்க்கச் சென்றபோது, அவருடைய இரு காதுகளிலும் மஞ்சள் நிறத் திரவத்தில் தோய்த்தாற்போன்ற பஞ்சு இருந்ததைக் கண்டு நினைவில் வைத்திருந்தார். எந்த மருத்துவரின் திரவம் அது என்று அச்சிறுவன் எப்படி அறிவான்?

1802-இல் ஹைலிகென்ஸ்டாட் சிற்றூரில் ஓய்வெடுத்தபோது பீத்தோவன் தம் உடன்பிறந்தாருக்கென எழுதிய உயில் போன்ற ஆவணம் உலகறிந்தது. அக்டோபர் 6-ஆம் நாளிடப்பட்ட அதில் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்துபோனதையும், கலையே தம்மைத் தடுத்ததையும் ஒப்புக்கொள்கிறார். அனுப்பப்படாமல் அவரிடமே இருந்த அந்த ஆவணம் 1827-இல் அவர் மறைந்தபின்பே கண்டெடுக்கப்பட்டது. அதனை எழுதிய மறு ஆண்டில் மூன்றாம் சிம்பொனி உருவாகத் தொடங்கியது என்பதையும் உடன் வைத்துப் பார்க்கவேண்டும். அவருக்கு எந்த மருத்துவமும் பலிக்கவில்லை. கேள்திறன் படிப்படியாகக் குறைந்து, கடைசி ஆண்டுகளில் வந்தவர்கள் ஏட்டில் எழுதிக் காட்டித்தான் அவருடன் உரையாட வேண்டியிருந்தது.

பீத்தோவன் காலத்திலேயே பாரிசில் வேறொரு சிந்தனை தோன்றியது. அங்கிருந்த செவிடர் ஊமையர் பள்ளியின் மருத்துவரான இத்தார், காட்டில் பிடிபட்ட சிறுவன் ஒருவனுக்குக் கல்வி புகட்ட முயன்றவர் என்ற வகையில் நம் ஆசிரியப் பெருமக்களுக்கு அறிமுகமானவர். 1821-இல் அவர் காதுநோய்கள் பற்றி இரு தொகுதி நூல் வெளியிட்டார். உள்ளிருக்கும் இரைச்சலை ஒழிக்க இயலாவிடில் வெளியே அதற்கு இணையான ஓசையை உண்டாக்கி மறைக்கலாம் என்பது அவர் கருத்து. தாழ்ந்த இரைச்சல் உடையவர் அடுப்பில் நன்கு முழங்கும் தீ மூட்டிக்கொள்ளலாம். சீறும் ஓசை உடையவர் ஈரவிறகை எரிக்கலாம். மணியொலி போலக் கேட்பவர் செம்புப் பாத்திரத்தில் நீர் துளித்துளியாக விழ ஏற்பாடு செய்துகொள்ளலாம். இதில் புதுமை இல்லை என்று சிலர் சொல்லக்கூடும். அரிஸ்டாட்டிலின் பெயரில் வழங்கும் பழைய வினாத்தொகுப்பு ஒன்றிலேயே, வெளியே ஓசை எழுந்தால் காதிரைச்சல் ஏன் நின்றுவிடுகிறது, பெரிய ஒலி சிறிய ஒலியை விரட்டுவதாலோ என்ற கேள்வி இருக்கிறது. அதனை நோயாளியின் படுக்கையருகே கொண்டுவந்தவர் இத்தார். பட்டையைப்போல் இது கையைப் புண்ணாக்கவுமில்லை. எனினும் மறைத்து வாழ்வதைவிட ஒழித்துவிடவே மனிதமனம் விரும்புகிறது. ஆகவே இத்தாரின் செம்புப் பாத்திரம் ஒன்றரை நூற்றாண்டு பரணில் கிடந்தது.

அந்த இடைக்காலத்தில்தான் செக் நாட்டு இசைமேதை ஸ்மெத்தனாவின் கதை நிகழ்ந்தது. 1874-ஆம் ஆண்டு கோடையில், ஐம்பது வயதில், அவர் காதுகளில் விந்தையான ஒலிகள் எழுந்தன. அக்டோபரில் இரு செவிகளும் முற்றாக அடைபட்டன. பிராகா நகரில் அவர் ஏற்றிருந்த அரங்க இசை நடத்துநர் பணி முடிந்தது. காது மருத்துவர் சௌபால் ஈத்தர் ஆவியைக் காதினுள் செலுத்தும் சிகிச்சை அளித்தார். பலன் காணாமையால் வெளிநாட்டு வல்லுநரை நாடத் தீர்மானித்தார், செலவுக்குப் பணமில்லை. முன்னாள் மாணவியர் இசை நிகழ்ச்சி நடத்தியும் நன்கொடை சேர்த்தும் உதவினர். 1875-இல் வூர்ட்ஸ்பர்க் நகரில் ட்ரொல்ட்ச் என்பவரிடமும், வியன்னாவில் பொலிட்சரிடமும் சென்றார். காது மருத்துவம் என்ற தனித்துறைக்கே அடித்தளமிட்டவர்கள் அவ்விருவரும். ஐரோப்பாவில் அவர்களுக்கு மேல் முறையிட ஆளில்லை. இருவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. பிறர் கொடுத்த பணத்தில் போய்வந்தவர் வெறுங்கையோடு திரும்பி அவர்கள் முகத்தில் விழிப்பது எத்தகைய வேதனை என்பதை, மனைவியின் வளையலை அடகு வைத்து மருத்துவம் பார்த்தவர்கள் அறிவார்கள்.

1876-இல் அவர் யப்கெனிட்சே என்ற சிற்றூரில், காட்டு அலுவலரான மருமகன் வீட்டுக்கு, மகள் ஸோபியுடன் வாழக் குடிபெயர்ந்தார். அங்கே அவ்வாண்டு இறுதியில் 'எனது வாழ்விலிருந்து' என்ற நால்வர் இசையை முடித்தார். அதன் இறுதிப் பகுதியில் மகிழ்ச்சியான ஆட்டம் நடந்துகொண்டிருக்கையில் இசை திடுமென நின்றுவிடும். மற்ற கருவிகள் அடியில் நடுங்க, முதல் வயலின் மிக உச்சத்தில் ஒற்றை ஒலியை நீட்டிப் பிடிக்கும். அது தம் செவிடு தொடங்கியபோது காதில் ஒலித்த ஊழின் ஒலி என்று நண்பர் ஒருவருக்கு 1878-இல் எழுதிய மடலில் அவரே விளக்கியுள்ளார். அவ்வாண்டு ஒரு வீட்டில் நண்பர்கள் கூடி அதனை முதன்முறை வாசித்தபோது வயோலா வாசித்தவர் துவோர்சாக். காதிரைச்சலைப் பிறர் கேட்கும்படிச் செய்த மனிதர் ஸ்மெத்தனா. எவ்வளவு விளக்கினாலும் வீட்டாருக்கு விளங்காத ஒன்றை ஒரு வயலின் கம்பி சில நொடிகளில் விளக்கிவிடுகிறது. ஒலிநாடா கிடைப்பவர்கள் கேட்டுப் பார்க்கலாம்.

அவர் கேட்ட இரைச்சல் இந்த ஒரு சீழ்க்கையோடு நிற்கவில்லை. பின்னாளில் பெரிய அருவியின் கீழ் நிற்பதுபோல் தலைக்குள் முழக்கம் இருந்ததென்றும், அதனால் தொடர்ந்து ஒரு மணி நேரம்கூட எழுத இயலவில்லை என்றும் முறையிட்டுள்ளார். ஆயினும் ஆற்றின் பயணத்தைச் சொல்லும் புகழ்பெற்ற 'வல்டாவா' இசை, அவர் முற்றாகச் செவிடான சில வாரங்களுக்குள், 1874 நவம்பர் 20-க்கும் டிசம்பர் 8-க்கும் இடையே எழுதப்பட்டது. துன்பம் அவரை உயர்த்தியது என்று இதற்குப் பொருள் கூற நமக்கு மனமில்லை. 1884-இல் அறிவு கலங்கிய நிலையில் பிராகா மனநல மருத்துவமனையில் அவர் இறந்தார். காதிரைச்சல் கலையைத் தந்தது என்று எழுதுபவர்கள் அந்த இறுதி ஆண்டையும் சேர்த்து எழுதட்டும்.

மருந்தைத் தேடும் இவ்வரலாற்றில் மருந்தே நோயைத் தருவதும் உண்டு. தென்னமெரிக்காவிலிருந்து இயேசு சபையார் வழியாக ஐரோப்பா அறிந்த சின்கோனா பட்டையை மக்கள் 'இயேசு சபையார் பட்டை' என்றே அழைத்தனர். மலேரியாக் காய்ச்சலைத் தணித்துக் கணக்கற்ற உயிர்களைக் காத்த கொயினா அதிலிருந்து எடுக்கப்பட்டது. அதே கொயினா அளவு மிகும்போது காதில் மணியடிக்கச் செய்யும். 1860-களில் நீலகிரியில் சின்கோனா பயிரிடத் தொடங்கியபின் அந்தக் கசப்பையும் காதின் ரீங்காரத்தையும் நம் முன்னோரும் அறிந்தனர். ஆஸ்பிரினும் அதிக அளவில் இவ்வாறு செய்யும். ஒரு மருந்து இரைச்சலை எழுப்ப முடியுமானால் மற்றொன்று அதை அடக்கவும் முடியலாம் அல்லவா? இந்த நம்பிக்கைக்கு முதல் சான்று எதிர்பாராத இடத்தில் கிடைத்தது.

காதின் சமநிலை உறுப்பை ஆராய்ந்து 1914-க்குரிய நோபல் பரிசைப் பெற்ற ராபர்ட் பாரனி, உணர்விழக்கச் செய்யும் புரோகெயின் ஊசியை மூக்கினுள் போட்டபோது நோயாளியின் காதிரைச்சல் குறைந்ததைக் கவனித்தார். பின்னர் அவ்வகை மருந்தை இரத்தக்குழாயில் செலுத்திப் பார்த்து 1935-இல் எழுதினார். அடுத்த ஆண்டு அவர் காலமானார். 1943-இல் ஸ்வீடனில் லிக்னோகெயின் என்ற மருந்து உருவாக்கப்பட்டது. பல் பிடுங்குமுன் ஈறு மரத்துப்போகப் போடப்படும் அதே ஊசிமருந்து. 1970-களில் நியூசிலாந்திலும் பிற நாடுகளிலும் இதனை இரத்தக்குழாயில் செலுத்திச் சோதித்தபோது, பாதிக்கு மேற்பட்டோருக்கு இரைச்சல் தணிந்தது. சிலருக்கு முற்றிலும் நின்றுபோனது.

பல்லாண்டுகள் கேட்ட ஒலி திடீரென நின்றுபோகும் அந்தக் கணத்தை வாசகர் எண்ணிப் பார்க்கவேண்டும். சில நிமிடங்கள், சிலருக்குச் சில மணி நேரம். பின்னர் மருந்து இரத்தத்திலிருந்து வடிந்தவுடன் இரைச்சல் திரும்பிவிடும். அளவு கூடினால் இதயமும் மூளையும் பாதிக்கப்படும். ஆகவே நாள்தோறும் செலுத்தத்தக்க மருந்தன்று அது. அதற்கு உறவான, வாயால் உட்கொள்ளக்கூடிய டோகெய்னைடு என்ற இதய மருந்து 1980-களில் சோதிக்கப்பட்டது. முதலில் வந்த நல்ல செய்திகள் பின்வந்த ஆய்வுகளில் நிலைக்கவில்லை. இரத்த அணுக்களையும் நுரையீரலையும் அது கெடுத்தது. லிக்னோகெயின் குணப்படுத்தவில்லை, ஆனால் இவ்வொலி நிறுத்தக்கூடியது என்று மெய்ப்பித்தது. பின்வந்த மருந்துத் தேடல் பலவற்றிற்கு ஊக்கமளித்தவை அந்தச் சில நிமிடங்கள்தாம்.

காதைச் சுற்றியே தேடியதும் தோல்விகளுக்கு ஒரு காரணம். செவிநரம்பை அறுத்த பின்பும் இரைச்சல் தொடர்ந்தவர் பலர். 1953-இல் அமெரிக்காவில் ஹெல்லரும் பெர்க்மனும் நல்ல கேள்திறன் கொண்ட 80 பேரை ஒலிபுகா அறையில் அமர்த்தினர். அவர்களுள் நூற்றுக்கு 94 பேர் ஏதோ ஓர் ஒலியைக் கேட்டதாகச் சொன்னார்கள். காதிலிருந்து வரவேண்டிய செய்தி குறையும்போது மூளை தன் கவனத்தைக் கூர்மையாக்கிக்கொண்டு தன் சொந்தச் சலசலப்பையே கேட்கத் தொடங்குகிறது என்பது இன்றைய அறிஞர் பலரின் விளக்கம். 1990-இல் ஜாஸ்த்ரெபோப் இதற்கு மற்றொரு படியைச் சேர்த்தார். அந்த ஒலியை ஆபத்தென மனம் முத்திரையிட்டுவிட்டால் அச்சத்திற்குரிய நரம்புப் பாதைகள் அதை விடாமல் காவல் காக்கும்; துன்பம் ஒலியின் அளவால் கூடுவதைவிட அந்தக் காவலால்தான் மிகுதியாகக் கூடுகிறது என்றார்.

இப்புதிய அறிவோடு மருந்துகள் மீண்டும் வந்தன. ரெடிகாபின் என்ற வலிப்புநோய் மருந்து 2011-இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றது. 2013-இல் பிட்ஸ்பர்க் ஆய்வாளர்கள், பேரொலியால் தாக்குண்ட சுண்டெலிகளுக்கு உடனே இதைக் கொடுத்தால் இரைச்சல் உண்டாகாமல் தடுக்கலாம் என்று கண்டனர். வலிப்பு இல்லாதவர்களும் காதிரைச்சலுக்காக அம்மருந்தைத் தேடிச் சென்றார்கள். சிலர் குறைந்தது என்றனர். சிலர் ஒன்றுமில்லை என்றனர். அதே 2013-இல், நெடுநாள் உட்கொள்பவர்களின் தோலும் உதடும் நகமும் நீலமாவதாகவும் விழித்திரையில் நிறம் படிவதாகவும் எச்சரிக்கை வந்தது. 2017-இல் அது விற்பனையிலிருந்தே நீக்கப்பட்டது. சுண்டெலிகளுக்குத் தாக்குண்ட உடனே கொடுத்த மருந்தைப் பத்தாண்டு பழகிய இரைச்சலுக்கு உட்கொள்வது எவ்வகையில் பொருந்தும் என்று அமைதியாகக் கேட்டிருக்கலாம். ஆனால் அந்த ஆண்டில் ஒருவர் நம் கையில் அம்மாத்திரையைக் கொடுத்திருந்தால் நாமும் கேட்டிருக்கமாட்டோம்.

செவிப்பறை வழியே ஊசியால் செலுத்தும் வேறொரு மருந்து பெரிய அளவில் சோதிக்கப்பட்டு 2016-இலும் 2018-இலும் தோல்வி கண்டது. ஏறத்தாழ அதே வகை மருந்தொன்று 2022-இல் கைவிடப்பட்டது. கிங்கோ என்னும் சீன மரத்தின் இலைச்சாறு உலகெங்கும் இதற்கென விற்கப்படுகிறது, நாமும் வாங்கினோம். 2001-இல் பிரிட்டனில் 1121 பேரைக்கொண்டு இது ஆராயப்பட்டது. பாதிப்பேருக்குக் கிங்கோ மாத்திரை, பாதிப்பேருக்கு வெற்று மாத்திரை. எது யாருக்கு என்று உட்கொள்பவர்க்குத் தெரியாது. பன்னிரண்டு வாரத்திற்குப்பின் ஒப்பிட்டபோது, கிங்கோ உட்கொண்ட 360 பேரில் 34 பேர் தொல்லை குறைந்ததாகக் கூறினர். வெற்று மாத்திரை உட்கொண்ட 360 பேரில் அவ்வாறு கூறியோர் 35 பேர்.

பீத்தோவனின் நவம்பர் மடலில் நாம் கேட்ட கேள்விக்கு இருநூறு ஆண்டுகள் கழித்துக் கிடைத்த விடையென்று இந்த 34-ஐயும் 35-ஐயும் நாம் கொள்கிறோம். ஒன்றும் செய்யாத மாத்திரையால் 35 பேருக்குக் குறைந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த 1121 பேரில் எவரும் தமக்குக் குணம் கிடைக்கும் என்ற உறுதியோடு செல்லவில்லை. வெற்று மாத்திரை தம் பங்கில் விழலாம் என்று தெரிந்தே சென்றார்கள். இனி வருபவர் வீண்செலவு செய்யாதிருக்க அவர்கள் உதவினர். இன்றும் அமெரிக்க, ஐரோப்பிய மருந்து ஒழுங்கு அமைப்புகள் காதிரைச்சலுக்கென ஒப்புதல் அளித்த மருந்து ஒன்றுகூட இல்லை. இதை முதல் நாளே வெளிப்படையாகச் சொல்லும் மருத்துவர் நமக்கு ஆறு மாத மாத்திரை எழுதித் தருபவரைவிட மேலானவர். ஆனால் அவர் அதோடு நிறுத்திவிடக் கூடாது. எப்படிப் பழகுவது என்பதையும் சொல்லவேண்டும்.

பழகும் வழியைக் காட்டியதில் ஒரு நீரூற்றுக்கும் பங்குண்டு. அமெரிக்காவில் சார்லஸ் யூனிஸ் என்ற மருத்துவர் தாமே இந்நோயால் வருந்தியவர்; 1971-இல் இதற்கென ஒரு சங்கம் அமையக் காரணமானவர். ஓரிகன் மாநிலத்தில் காதை ஆராய்ந்துவந்த பேராசிரியர் ஜாக் வெர்னனைக் காண அவர் போர்ட்லாந்து நகருக்குச் சென்றபோது, இருவரும் லவ்ஜாய் நீரூற்றின் பக்கம் நடந்தனர். யூனிஸ் நின்றுவிட்டார், அங்கிருந்து வர மறுத்தார். நீர் விழும் ஓசையில் தம் இரைச்சல் கேட்கவில்லை என்றார். வெர்னன் அதிலிருந்து, காதில் பொருத்திக்கொள்ளும் மறைப்பொலிக் கருவிகளை உருவாக்கலானார். இத்தாரின் செம்புப் பாத்திரம் பரணிலிருந்து இறங்கி மின்கலத்தோடு வந்தது. முழுமையாக மறைப்பதைவிட, இரைச்சலும் கேட்கும்படி மெல்லிய ஒலியை உடன் வைத்துக்கொண்டு மனத்தைப் பழக்கவேண்டும் என்று பின்னர் ஜாஸ்த்ரெபோப் முறையினர் சொன்னார்கள். இரைச்சல் பற்றிய அச்சத்தையும் தவறான எண்ணத்தையும் பேச்சின் வழியே மாற்றும் உளவியல் சிகிச்சை, ஒலியின் அளவைக் குறைக்காவிட்டாலும் அதனால் வரும் துன்பத்தைக் குறைக்கிறது என்பது இன்று நன்கு நிறுவப்பட்டுள்ளது. காது மந்தமானவர்க்குச் செவிக்கருவியே பாதி மருந்தாகிறது.

நம் அனுபவத்தில் கண்டதையும் சொல்லிவிடுகிறோம். முதலாவது, ஒலியற்ற அறையில் தனியே அமர்ந்து இன்று கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று உற்றுக் கேட்டுக் குறித்து வைக்கும் பழக்கத்தைக் கைவிட்டோம். அந்தக் குறிப்பேடு முந்நூறு பக்கம் வளர்ந்திருந்தது. அடுத்து, பீத்தோவன் இரண்டாண்டுகள் மறைத்ததை நாம் மறைக்காமல் வீட்டாரிடமும் அலுவலகத்திலும் சொன்னோம். திருப்பலியில் ஒலிபெருக்கியின் அருகே அமர்வதை விட்டுப் பின்வரிசைக்கு மாறினோம். திருவிழா வெடியின்போது பஞ்சு வைத்துக்கொள்கிறோம். இரவில் உறக்கம் கலைந்தால் படுக்கையிலேயே கிடந்து போராடாமல் எழுந்து ஏதேனும் வேலை செய்கிறோம். சில நாள்கள் ஒன்றும் பலிப்பதில்லை. சில நாள்கள் மாலைவரை அதை மறந்தே போயிருக்கிறோம். மறந்திருந்தோமே என்று நினைத்த நொடியில் அது திரும்ப வந்துவிடும்.

புதிய மருந்துச் செய்தி ஏட்டில் வந்தால் இப்போதும் கத்தரித்து வைக்கிறோம். சோதனைக்கு ஆள் வேண்டுமென்று முறைப்படி யாரேனும் அழைத்தால், வெற்று மாத்திரை விழுந்தாலும் போகலாம் என்றே எண்ணியிருக்கிறோம். இதற்கிடையில் மார்கழிக் குளிரிலும் நம் அறையில் பழைய மின்விசிறி கடகடவென்று சுழன்றுகொண்டிருக்கிறது. அதன் ஓசையைக் கேட்டு முன்பெல்லாம் எரிச்சலடைந்த இல்லாள், இவ்வாண்டு அதற்கு எண்ணெய் போட வந்தவரைத் தாமே திருப்பி அனுப்பிவிட்டார்.